ரோஜா நிறச் சீரம்

சுழல் எந்திரத்திலிருந்து ரத்தம் இருந்த குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே இளமஞ்சளாய்த் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் என்ற ரத்தநீர் ரோஜா நிறத்தில் இருந்தது.

அது அவள் கணவனின் ரத்தம். விடிந்ததிலிருந்து நெஞ்சுவலி என்று கீழே வார்டில் படுத்திருக்கிறான். அடிபட்ட உறுப்பு தன்னிடமுள்ளதை ரத்தத்தில் கசியவிடும். இதயம் ஒன்றை, தசை ஒன்றை, ஈரல் ஒன்றை. அதை அளந்து, காயம் எங்கே என்று டாக்டருக்குச் சொல்வதுதான் இந்த ஆய்வகத்தில் அவள் வேலை. "என் புருஷனுக்கு நான்தான் எடுப்பேன்" என்று அடம்பிடித்து ஊசியை வாங்கியவளும் அவளேதான். பதற்றத்தில் வேகமாக இழுத்துத் தொலைத்தாள். சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருந்ததெல்லாம் கொட்டிக் கலந்துவிட்டது. இனி இதில் வரும் எண்ணை நம்ப முடியாது.

"சொந்தக்காரங்களுக்கு ஊசி குத்தாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் சக ஊழியை. ஒல்லி உடம்புக்காக எல்லோருக்கும் அவள் குண்டூசி.

"அப்புறம் திட்டுடி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதா வேண்டாமான்னு டாக்டர் காத்துக்கிட்டிருக்கார்."

"நானே எடுக்கறேன். நீ கிட்ட வராதே."

குண்டூசி ஊசியோடு உள்ளே போக, அவள் வார்டு வாசலிலேயே நின்றாள். அவன் வெளிறிய முகத்தோடு, "என்னம்மா, முதல்ல எடுத்தது பத்தலையா?" என்றான்.

"பேசாம படுங்க."

இந்த முறை சீரம் மஞ்சளாக வந்தது. எந்திரம் முனகிக்கொண்டே இருந்தது. அவள் திரையையே பார்த்தாள். இதயத்துக்கான எண் இயல்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இயல்புதான். தசைக்கான இடத்தில் மட்டும் எண்ணே இல்லை. எந்திரத்தின் அளவையே தாண்டிவிட்டதாம். சீரத்தை நீர்க்க வைத்து மறுபடி போட்டபோது வந்த எண்ணைப் பார்த்து, "வீட்டையே தூக்கி இடம் மாத்தி வச்சாரா?" என்றாள் குண்டூசி.

டாக்டர், "இதயம் தப்பிச்சுது. தசை உடைஞ்ச கழிவு சிறுநீரகத்தை அடைச்சிடக் கூடாது" என்று சலைன் ஏற்றச் சொன்னார்.

"நேத்து என்ன பண்ணீங்க?" என்றாள் அவள்.

அவன் கூரையைப் பார்த்தான். "ஜிம்ல சேர்ந்தேன். முதல் நாளே உன் தம்பி பக்கத்துல நின்னு வெயிட் தூக்கறான். மச்சான் முன்னாடி பாதியில வைக்க முடியுமா?"

ஓங்கி அடிக்க வந்த கை அவன் தோளில் விழுந்து அங்கேயே நின்றது. அவன் முனகினான். அவள் கையை எடுக்காமல், மறு கையால் தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"ஸ்பீக்கர்ல பேசறேன்க்கா. கையைத் தூக்கிக் காதுல வைக்க முடியலை."

"நீயும் கிளம்பி வா" என்றாள். "உன் ரத்தத்தையும் பார்க்கணும்."