ஒத்திகையில் முடிந்த ஆபரேஷன்

என் மனைவியின் பித்தப்பையில் கற்கள் இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, சின்னதாக ஒரு மதில் எழுப்பி மேலே கம்பி வேலியும் போடலாம், அவ்வளவு. வலி வந்தால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள். அந்தச் சட்டம் நடுங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அரசு ஆஸ்பத்திரியின் காத்திருப்போர் பட்டியலில் அவள் பேர் இருந்தது. தேதி கேட்டுப் போகும்போதெல்லாம் "அடுத்த மாசம் பாருங்க" என்றார்கள். அந்த அடுத்த மாதம் எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'எதிர்காலம்'. "எதிர்காலம் ரவுண்ட்ஸ் வருது, எந்திரி" என்று நர்ஸுகள் ஒருவரையொருவர் எழுப்பிவிடுவார்கள். மனிதருக்கு வாயைத் திறந்தால் வரப்போகும் வெள்ளம், வரப்போகும் கொள்ளைநோய், வரப்போகும் வெயில். அதையெல்லாம் சமாளிக்கக் கண்ணாடி வைத்து ஒரு மாபெரும் கூடம் கட்டியிருந்தார். அதில் ஆயிரம் பேரைப் படுக்க வைக்கலாம். படுத்தவர்களுக்கு மயக்க மருந்து கொடுக்க ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரே ஒரு டாக்டர். வயிற்றைக் கிழித்துத் தைக்கவும் ஒருவர்தான். அவர் கடைசியாக லீவு எடுத்துப் பல யுகங்கள் ஆகியிருந்தன.

ஒருநாள் வழக்கம்போல மனைவியின் ஆஸ்பத்திரிக் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேதி கேட்கப் போனேன். வராந்தாவில் விசில் சத்தம். ஒரு நர்ஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"ஐயா, சும்மாதானே நிக்கிறீங்க? வாங்க, அடிபட்டவரா வந்து படுங்க."

பெரிய பாலம் இடிந்து விழுந்தால் எப்படிச் சமாளிப்பது என்று ஒத்திகையாம். ஆள் போதவில்லையாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. மகிழ்ச்சியில் ஓடிப்போய்ப் படுத்தேன். கழுத்தில் சிவப்பு அட்டை மாட்டினார்கள்: 'வயிற்றில் பலத்த காயம். உடனடி ஆபரேஷன்.' நான் போட்ட முனகலில் கூரையிலிருந்த புறாக்கள் குடும்பத்தோடு காலி செய்துகொண்டு போயின.

கம்ப்யூட்டர் மேசை முன்னால் ஸ்ட்ரெச்சர் நின்றது.

"கார்டு?" என்றாள் அங்கிருந்த பெண்.

"பாலம் இடிஞ்சு விழுந்தவன் கார்டோடவாம்மா வருவான்?"

"கார்டு இல்லைன்னா இது அடுத்த பக்கத்துக்கே போகாது தாத்தா. ஏதாவது ஒண்ணு குடுங்க."

சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். இயந்திரம் கிய்ங் என்றது.

"பொம்பளைன்னு காட்டுதே?"

"அதுக்கு வேணும்னா கொஞ்சம் மெல்லிசாக் கத்தறேன்."

அவள் சிரித்துவிட்டு அனுப்பினாள்.

தியேட்டரில் ஆபரேஷன் டாக்டர் கையுறை போட்ட கையைக் காற்றில் ஆட்டினார். ஊசி இல்லை, கத்தி இல்லை, முகத்தில் மட்டும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பக்கத்திலிருந்த நர்ஸிடம், "வெளியே நிஜமா வயித்தைப் புடிச்சுக்கிட்டு வரிசையா உக்காந்திருக்காங்க. நான் இங்க காத்துக்குத் தையல் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "ஐயா, முனகாதீங்க. நீங்க மயக்கத்துல இருக்கீங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் கூடத்தில் எதிர்காலம் மைக்கைப் பிடித்தார். அடிபட்ட அத்தனை பேரும் பிழைத்துவிட்டார்களாம், நூற்றுக்கு நூறாம். கைதட்டினோம். எனக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தார்கள். நடிப்புக்கு மூன்றாகக் கொடுத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி போனை நீட்டினாள்.

"என்னங்க, எனக்கு ஆபரேஷன் முடிஞ்சுதாமே?"

வாங்கிப் பார்த்தேன். 'தங்கள் அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நிறைவடைந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

நடந்ததைச் சொன்னேன். புறாக்கள் வரைக்கும் விடாமல் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"தேதி கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பினா, ஆபரேஷனையே முடிச்சுட்டு வந்து நிக்கிறீங்க. உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு அந்தப் பாலத்தடியிலயே நான் நின்னிருக்கலாம்."

மறுநாள் இருவரும் போனோம். பட்டியலில் அவள் பேர் இல்லை.

"முடிஞ்சவங்க பேரை மறுபடி ஏத்த முடியாது" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

"முடியலைப்பா. வயித்தை வேணும்னா பாருங்க."

"நான் வயித்தைப் பாக்கிற ஆள் இல்லைங்க. கம்ப்யூட்டரைப் பாக்கிற ஆள்."

மாடியிலிருந்த பதிவேட்டு அறைக்காரர், ஒத்திகையில் ஒரு பதிவை அழித்தால் ஒத்திகையே நடக்காததாகிவிடும் என்றார். அவர் கீழே அனுப்பினார். கீழே இருந்தவர் மறுபடி மேலே அனுப்பினார். படிக்கட்டு தேய்ந்து சறுக்குமரமாகிவிட்டது. கடைசியில் எதிர்காலத்தின் அறைக்கே போனேன். சுவரெல்லாம் வரைபடம்.

"நூத்துக்கு நூறு வந்திருக்கு ஐயா. அதுல ஒண்ணைக் குறைச்சா மேலிடத்துல என்ன நினைப்பாங்க? புதுசா எழுதிக் குடுங்களேன்" என்றார்.

"எழுதினேன் சார். எடுத்த பித்தப்பையைத் திரும்ப எடுக்க வழி இல்லைன்னு கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிடுச்சு."

"அட! அந்த அளவுக்குத் துல்லியமா வேலை செய்யுதா?" என்றார், முகமெல்லாம் பூரிப்பாக.

நான் வெளியே வந்தபோது என் மனைவி பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்திருந்தாள். வலி வந்துவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை. என்னைத் திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் குடலிறக்கத்துக்காகக் காத்திருந்த ஒரு தையல்காரர் தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்தார்.

"ஊருக்கெல்லாம் தைச்சுக் குடுக்கிறேன் அக்கா. என்னைத் தைக்க ஆள் கிடைக்கல" என்றார். அவருக்கு அடுத்த வாரம் தேதி கிடைத்திருந்ததாம்.

தண்ணீரைக் குடித்துவிட்டு என் மனைவி நிமிர்ந்தாள். எதிரில் ஒரு கதவு. 'ஆபரேஷன் முடிந்தவர்கள் மட்டும்' என்று எழுதியிருந்தது. அங்கே வரிசையே இல்லை.

"நமக்குத்தான் முடிஞ்சிருச்சே? வாங்க" என்றாள்.

உள்ளே அதே ஆபரேஷன் டாக்டர்.

"எப்பம்மா ஆபரேஷன் ஆச்சு?"

"நேத்து. நீங்கதான் பண்ணீங்க."

அவர் திரையைப் பார்த்தார். அவர் பேர்தான் இருந்தது. "தையல் எங்க? தழும்பே காணோம்?"

"அதைத்தான் நானும் தேடறேன். கைவேலை அவ்வளவு சுத்தம்."

டாக்டர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்க அந்த முனகல் பார்ட்டிதானே?"

நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு என் மனைவியைப் படுக்க வைத்து வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். அவள் கத்தினாள். அவருடைய சிரிப்பு அத்தோடு போயிற்று.

"இதுக்கு மேல இவங்க காத்திருக்கக் கூடாது" என்றார். "வழி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பண்ணின ஆபரேஷன் தோத்துப்போச்சு, திரும்பப் பண்ணணும்னு போட்டா உடனே எடுத்துக்கும். ஆனா தோல்வி என் கணக்குல விழும்."

"உங்களுக்கு அதனால ஏதாவது ஆகுமா தம்பி?" என்று கேட்டாள் அவள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் சர்வீஸ்ல தோல்வின்னு ஒண்ணு கிடையாதும்மா. முதல் தோல்வி, கத்தியே வைக்காத ஆபரேஷன்லயா வரணும்?" என்றார். ஏதோ முணுமுணுத்தார். அதை இங்கே எழுத முடியாது. பிறகு விசையை அழுத்தினார்.

அந்த வாரமே என் மனைவிக்கு நிஜ ஆபரேஷன் நடந்தது. கத்தி வைத்து, மயக்கம் கொடுத்து, தழும்போடு. கண் விழித்ததும் அவள் முதலில் கேட்டது, "இந்தத் தடவை எனக்குத்தானே பண்ணாங்க?"

அவளை வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் தையலைப் பார்க்க வந்தார். கையில் ஒரு கவர். தோல்வி வந்தால் ஒரு வாரம் கட்டாயப் பயிற்சியாம், விதியாம்.

"சொல்லிக் குடுக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

"இங்க சீனியர் நான்தான். நானேதான் பாடம் நடத்தணும், நானேதான் உக்காந்து கேக்கணும். ரெண்டு இடத்துலயும் கையெழுத்துப் போடணும்." அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த ஒரு வாரம் தியேட்டர் பூட்டு."

எதிர்காலத்திடம் போய்க் கத்தினேன். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். அவர் மட்டும் அமைதியாக இருந்தார்.

"நாளைக்கு இப்படி இன்னொரு தோல்வி வராம இருக்கத்தானே ஐயா இந்த ஏற்பாடு?"

என் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். தையல்காரர் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை. மடியில் போர்வையும் துண்டும் அடைத்த பை. அன்று அவருடைய நாள்.

"அக்காவுக்கு நல்லாயிடுச்சா?" என்று எழுந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை. அவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போங்க சார், வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க. தனக்குத்தானே பாடம் எடுக்கிறாராமே!"

"நிஜம்தான் தம்பி" என்றாள் என் மனைவி.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்போது நர்ஸ் ஒரு காகிதத்தோடு வந்து தியேட்டர் கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பினார். தையல்காரர் பையைத் தூக்கிக்கொண்டு போய் அதைப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"சிஸ்டர், காலைலேர்ந்து பச்சைத் தண்ணிகூட வாயில வைக்கலை" என்றார். "அப்போ நான் ஏதாவது சாப்பிடலாமா?"