தூதர் சொல்ல வேண்டிய ஒரு வரி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஆர்டராக வந்தது. போப்பாண்டவரின் தூதரான பேராயர் ஞானாதிக்கத்தின் வெள்ளிவிழா மலர். அறுபத்து நான்கு பக்கம், ஆயிரம் பிரதி. அதில் எட்டுப் பக்கம் அவருடைய வாழ்க்கை வரலாறு. சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் மேலாளர் சங்கரபாண்டியன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, நீதான எந்நேரமும் வெளிநாட்டுக் கதையா வாசிச்சுக்கிட்டுத் திரியிற. அவரும் வெளிநாட்டுலதான் இருக்காரு. எழுதிரு."

"சர்ச்சப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதேண்ணே."

"ராக்கெட் செய்யத் தெரிஞ்சா ராக்கெட்டுக்கு லேபிள் அடிக்கோம்? எழுதுலே."

மறுக்க முடியாத தர்க்கம். மொழிபெயர்ப்பு நாவல்களில் தூதர்கள் வருவார்கள். உயரமான சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பாதி வாக்கியம் பேசுவார்கள்; மீதிப் பாதியில் ஒரு நாடு கவிழும். எனக்கும் ஒரு தூதர் கிடைத்துவிட்டார். அதுவும் பக்கத்து எம். புதுப்பட்டியில் பிறந்தவர்.

2

தொடக்கம் அ: பனி பெய்துகொண்டிருந்த தலைநகரத்தில், கறுப்புக் காரிலிருந்து இறங்கிய அந்த மனிதர்—

[நான் பனியை ஐஸ் பெட்டியில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கைவிடப்பட்டது.]

தொடக்கம் ஆ: எம். புதுப்பட்டியில் மழை பெய்யாத ஒரு நாளில் ஞானாதிக்கம் பிறந்தார்.

[இங்கே மழை பெய்யாத நாள் என்பது ஒரு தகவலே இல்லை. கைவிடப்பட்டது.]

தொடக்கம் இ: தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளையின் மகன். பன்னிரண்டு வயதில் குருமடம். இருபத்தாறில் குருப்பட்டம். பிறகு ரோமில் தூதர்களுக்கான படிப்பு. முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஆறு நாடுகள். கடைசி இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேராயர், போப்பாண்டவரின் தூதர்.

இது வரலாறு அல்ல, ஜாதகம். ஆனால் மலருக்கு இதுதான் வேண்டுமாம்.

அவர் தூதராக என்ன செய்தார் என்று தேடினேன். முதல் நாட்டில் ராணுவப் புரட்சி. பேராயர் அறிக்கை விட்டார்: "நிலைமையைக் கவலையோடு கவனித்து வருகிறோம்." இரண்டாவது நாட்டில் வெள்ளம். கவலையோடு கவனித்தார். நான்காவது நாட்டில் தேர்தலே நடக்காமல் ஒருவர் வென்றார். அதையும் கவனித்தார். ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு ஆண்டுகள் உத்தியோகம் பார்த்த ஒருவரை, ஒரு கதைக்கு முப்பது தொடக்கம் எழுதுகிற நான் மதிக்காமல் இருக்க முடியாது.

3

இனி சம்பவம். செப்டம்பர் மாதம், சீசன் உச்சத்தில் இருந்தபோது, பேராயர் வெள்ளிவிழாவுக்காக ஊருக்கு வந்தார். பட்டாசு ஆலை முதலாளி காசிராஜன் அண்ணாச்சி அவரைத் தன் புது ஷெட்டை மந்திரிக்க அழைத்தார். அண்ணாச்சி இந்து. ஆனால் வெடிமருந்து விஷயத்தில் அவர் எந்தக் கடவுளையும் விட்டுவைப்பதில்லை. காலையில் ஐயர் வந்து போயிருந்தார். ஹஜ்ரத் சாயங்காலம் வருவதாக இருந்தது.

எல்லாச் சாமியும் வந்த ஷெட்டுக்கு லைசென்ஸ் மட்டும் இன்னும் வரவில்லை.

செல்போன்களைக் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆகவே உள்ளே நடந்த எதற்கும் போட்டோ கிடையாது. பேராயரும், அண்ணாச்சியும், மலர்க் குழுவினரும்* உள்ளே போனார்கள்.

மருந்து கலக்கும் முனியராஜ் அங்கே நின்றிருந்தார். அலுமினியப் பவுடர் படிந்து தலை முதல் கால் வரை வெள்ளிச் சிலை மாதிரி இருந்தார். பேராயர், மோதிரத்தை முத்தமிடுவதற்காகக் கையை நீட்டினார். முனியராஜுக்கு அந்த வழக்கம் தெரியாது. சாமி கையை நீட்டினால் திருநீறு தரப்போகிறார் என்றுதான் அவருக்குத் தெரியும். குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் ஒன்றாகச் சேர்த்து ஏந்தினார்.

ஆறு நாட்டு அதிபர்களுக்கு எப்படிக் கைகொடுப்பது என்று தெரிந்த மனிதர் ஒரு கணம் திகைத்தார். கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. கடைசியில் அந்த உள்ளங்கைகளைத் தட்டிக்கொடுத்தார். விரலெல்லாம் வெள்ளி. அண்ணாச்சி தன் கைக்குட்டையை நீட்டினார்.

* மலர்க் குழுவினர் யார் என்பது இப்போதைக்கு முக்கியமில்லை.

4

அன்று மத்தியானம் இரண்டரை மணிக்குப் புது ஷெட் வெடித்தது.

[இந்த இடத்தில் நெருப்பைப் பற்றி ஒரு நீண்ட பத்தி எழுதியிருந்தேன். உவமைகள் நன்றாக வந்திருந்தன. அதனால்தான் எடுத்துவிட்டேன்.]

இரண்டு கையும் நெஞ்சும் வெந்து முனியராஜ் மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். லைசென்ஸ் இல்லாத ஷெட்டில் யாரும் வேலை பார்த்திருக்க முடியாது. ஆகவே முனியராஜ் அன்று வேலைக்கு வரவில்லை. கம்பெனி அப்படித்தான் எழுதிக் கொடுத்தது. வராத ஆள் எப்படி வெந்தார்? வீட்டில் திருட்டுத்தனமாக வெடி செய்தாராம். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் அவர்மேல் வழக்கு. கூட வேலை பார்த்தவர்கள் நாளைக்கும் அதே வேனில் ஏறியாக வேண்டியவர்கள். அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

அவருடைய மனைவி பாண்டிச்செல்வி அச்சகத்துக்கு வந்தார்.

"தம்பி, நீங்கதான அந்தப் பெரிய சாமி கதைய எழுதுறீக. அவரு இவரப் பாத்தாருல்ல? 'நான் பாத்தேன்'னு ஒத்த வரி எழுதித் தரச் சொல்லுங்க. திங்கக்கிழமைக்குள்ள ஸ்டேசன்ல குடுக்கணும். இல்லன்னா கேஸ எழுதி முடிச்சிருவாகளாம்."

5

பங்குச் சாமியார் வீட்டு முன்னறைக்குப் பாண்டிச்செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். பேராயர் வெள்ளை அங்கியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய செயலர், இளம் குரு ஒருவர். உயரமான சன்னல் இல்லை. கொசுவலை அடித்த சின்னச் சன்னல்தான்.

"வருத்தமான சம்பவம்," என்றார் பேராயர். "உங்களுக்காகச் செபிக்கிறேன் அம்மா."

"செபம் ஸ்டேசன்ல செல்லாது சாமி. ஒத்த வரி எழுதிக் குடுங்க."

"நான் வேறொரு அரசின் தூதர். இங்கே நடக்கும் வழக்கில் நான் சாட்சி சொல்ல முடியாது."

"இது உங்க ஊருதான சாமி?"

"ஊர் இதுதான். ஆனால் பாஸ்போர்ட் வேறு. மேலிடத்து அனுமதி வேண்டும்."

"அப்பக் கேளுங்க. நாங்க வெளிய உக்காந்திருக்கோம்."

"ஆறு மாதமாவது ஆகும் அம்மா."

"தூதருன்னா ஒருத்தரு சொன்னத இன்னொருத்தர்ட்ட போயிச் சொல்றவருதான? நாங்க அம்புட்டுதான கேக்கோம்."

பேராயர் சிரித்துவிட்டார். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் செய்த ஒரே தவறு அந்தச் சிரிப்பாக இருக்கலாம். சிரித்ததும் அவருடைய தமிழ் சட்டென்று புதுப்பட்டிக்கு இறங்கியது.

"ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு நின்னாரே, அவரா உங்க வீட்டுக்காரரு?"

செயலர் இருமினார். பேராயர் மறுபடி மேலேறிக்கொண்டார். "நிலைமையை நாங்கள் கவலையோடு..."

பாண்டிச்செல்வி என் பக்கம் திரும்பினார். "கேட்டீகள்ல தம்பி?"

நான் கேட்டேன். அதற்கு முன்பு பார்த்தும் இருந்தேன். மலர்க் குழுவினர் என்பது நான் ஒருவன்தான். நோட்டும் பேனாவுமாக அந்த ஷெட்டில் பேராயருக்கு இரண்டடி பின்னால் நின்றேன். இதை ஏன் மூன்றாம் பகுதியிலேயே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். காசிராஜன் அண்ணாச்சியின் பட்டாசுப் பெட்டி லேபிள்கள் அத்தனையும் எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகின்றன. எனக்கும் ஒரு மேலிடம் இருக்கிறது.

"பார்ப்போம்க்கா," என்றேன். அதைவிட நல்ல தூதரக வாக்கியம் எனக்குத் தெரியவில்லை.

6

முடிவுகள்.

முடிவு அ: பேராயர் அன்று மாலையே அந்த வரியை எழுதிக் கையெழுத்திடுகிறார். [நம்பும்படி இல்லை. அவர் கையெழுத்துக்கு நான்கு நகல் எடுக்க வேண்டும், அதற்கே ஒரு வாரம் ஆகும்.]

முடிவு ஆ: பேராயர் மதுரையில் விமானம் ஏறுகிறார். சன்னலிலிருந்து பட்டாசு ஆலைகள் சின்னச் சின்னச் செவ்வகங்களாகத் தெரிகின்றன. அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். [நான் படித்த நாவல்களில் எப்படியும் நாலு பேர் இப்படிக் கண்ணை மூடியிருக்கிறார்கள்.]

முடிவு இ: பல வருடம் கழித்து, ஒரு தூர நாட்டில், அவர் தன் நாட்குறிப்பில் அந்த ஒரு வரியை—

இந்த மூன்றையும் பாண்டிச்செல்வியிடம் வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரி வராண்டா. உள்ளே முனியராஜுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பாண்டிச்செல்வி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீக. ஆனா தம்பி, மூணு முடிவுலயும் அவருதான் வாராரு. நீங்க எங்கன இருக்கீக?"

"நான் எழுதுறவன்க்கா."

"ஒத்த வரிதான கேட்டேன்," என்றார். "எம்புட்டு எழுதியிருக்கீக."

7

நான்காவது முடிவு எழுத வரவில்லை. பேராயர் நேற்றே போய்விட்டார். மலர் அச்சாகிவிட்டது. எட்டுப் பக்கமும் பிழையில்லாமல் வந்திருப்பதாகச் சங்கரபாண்டியன் பாராட்டினார். அடுத்து அண்ணாச்சியின் ஆலைக்குப் பொன்விழா மலர் வருகிறதாம், அதையும் நானே எழுத வேண்டுமாம்.

நாளை திங்கள். ஸ்டேஷன் பத்து மணிக்கு. அச்சகமும் பத்து மணிக்கு. நான் எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்புவேன் என்று இங்கே எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. எழுதுகிறவன் தனக்கு நல்ல முடிவாகத்தான் எழுதிக்கொள்வான்.

அதனால் முடிவை எழுதவில்லை. ஒரு வரியை மட்டும் அடிக்காமல், அடைப்புக்குறி போடாமல், தேதியோடு விட்டுவைக்கிறேன். செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, முனியராஜ் அந்தப் புது ஷெட்டில் வேலையில் இருந்தார்.

இதுவரை அதைத் தெரிந்துகொண்டு சும்மா இருந்த வெளியாட்கள் பேராயரும் நானும். இப்போது உங்களுக்கும் தெரியும்.