621ஆம் தட்டு

துறைமுகத்தடி ரின்மீன் தொழிற்சாலைக்கு தகர ரின்களில் திகதி பொறிக்கும் லேசர் இயந்திரம் ஒன்று வந்தது. அதை இயக்க, இரவு வேலைக்காரரான எங்களில் ஒருவரை வெள்ளிக்கிழமை தெரிவுசெய்வார்கள். தெரிவானவருக்குப் பகல் வேலை. பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலைப் பாதியில் விட்ட எனக்கு, மற்றவர்களைப் போல இரவில் படுக்க ஆசை.

வேலை முடிந்த கையோடு மூன்று காலைகள் நகர நூலகத்தில் பௌதிகவியல் பகுதியில் 535 என்று இலக்கமிட்ட தட்டைத் துழாவினேன். லேசர் பற்றி எதுவும் இல்லை. மூன்றாம் நாள் மேசையிலேயே தூங்கிவிட்டேன். நூலகர் ஐவி தட்டி எழுப்பினார்.

“தம்பி, வீட்டில பாய் இல்லையோ?”

“லேசர் புத்தகம் தேடுறன் மிஸ். கம்பஸில பௌதிகவியல் படிச்சனான். 535இல ஒண்டுமில்லை.”

“அது வெறும் வெளிச்சம். லேசரை வைச்சு வேலை செய்யிறதெண்டா 621க்குப் போகவேணும். கம்பஸில இதைச் சொல்லித் தரேல்லையோ?”

“அதுக்கு முதலே விட்டிட்டன்.”

621ஆம் தட்டில், வானொலி திருத்தும் நூல்களுக்குப் பக்கத்தில் லேசர் புத்தகம் இருந்தது. இரவல் தருவதில்லை என்று முத்திரை. அங்கேயே இருந்து மூன்று அத்தியாயம் படித்தேன்.

வெள்ளிக்கிழமை பொறியியலாளர் கேட்டார்: “முதல்ல என்ன செய்வீர்?”

எனக்கு முன்னால் போன இருவரும் சுவிட்சைப் போடுவோம் என்றார்களாம்.

“கண்ணாடி போடுவன் சேர். இந்த லேசரின்ர அலைநீளத்துக்கு ஏத்த கண்ணாடி. வெயில் கண்ணாடி சரிவராது.”

வேலை கிடைத்தது. இப்போது ஐந்து மணிக்கு விடுகிறார்கள். நூலகத்தையும் ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள். நாலாம் அத்தியாயம் கிடக்கிறது என்று ஐவிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“சனிக்கிழமை வாங்கோ. தலையணை கொண்டு வராதேங்கோ.”