ருசி பார்க்காத முள்ளங்கி

போன குளிர்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் ஹிராய்வாவை விட்டுப் போகும்போது சும்மா போகவில்லை. மூக்கையும் நாக்கையும் கையோடு கொண்டு போய்விட்டது. உப்பும் ஒன்று, சர்க்கரையும் ஒன்று என்று ஆகிவிட்டது அவருக்கு. "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார் அவருடைய ஊரான ஒசாகாவில் பார்த்த டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா?

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் போகிறது போ என்று விட்டுவிடலாம். ஹிராய்வாவுக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. சம்பாதித்ததையெல்லாம் ரயிலுக்கும் வயிற்றுக்கும் கொடுத்த மனுஷன். அகிதாவில் சோற்றைப் பிசைந்து குச்சியில் சுற்றிச் சுடுவது எப்போது, தொயாமாவில் மஞ்சள்வால் மீன் கொழுப்பேறுவது எப்போது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஊருக்கு ஒரு வீடு, ஊருக்கு ஒரு கடை, "ஹிராய்வா வருவார்" என்று அடுப்பு மூட்டிக் காத்திருந்தது. அவருக்கு இருந்த சொந்தபந்தம் அதுதான்.

நாக்கு செத்தது தெரிந்தால் அந்தச் சொந்தமும் அறுந்துவிடும் என்று பயந்தார். ருசி தெரியாதவனுக்கு யார் சமைத்துப் போடுவார்கள்? அதனால் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வழக்கம்போல ஊர் ஊராகப் போனார், கண்ணை மூடி மென்றார், "அடடா! நல்லா இருக்கு!" என்றார். பழைய வருஷங்களின் ருசியை ஞாபகத்திலிருந்து எடுத்து வாயாரச் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். ராத்திரி விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருக்கும்.

கடைசியாக எங்கள் நோட்டோ பக்கம். டிசம்பர் ஐந்தாம் தேதி விவசாயி மினோரு வீட்டில் வயல் சாமிக்கு விருந்து; அன்றிலிருந்து குளிர் முடியும்வரை சாமி வீட்டில்தான் தங்கும். அந்த வீட்டு முள்ளங்கிக் குழம்பை அவர் ஒரு வருஷம்கூடத் தவறாமல் சாப்பிட்டு வந்தவர். அதுவும் நாக்கை எழுப்பாவிட்டால் இனி எங்கேயும் போவதில்லை, பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டு வீட்டோடு கிடப்பது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்கினார்.

"வாங்கண்ணே! என்ன இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? ஒசாகாவுல சோறே போடுறதில்லையா?" என்றாள் மினோருவின் பெண்டாட்டி கினுயோ.

"நீ போடுவேன்னு பட்டினி கிடந்து வர்றேம்மா" என்றார்.

அன்று காலையிலிருந்து அடுப்படியில் அவளுக்குக் கை ஓயவில்லை. சாமி வாய் வைக்கும்வரை கரண்டி விளிம்பைக்கூட யாரும் நக்கக் கூடாது, அது அந்த வீட்டுக் கட்டுப்பாடு. கண்ணால் பார்த்து, கையால் அளந்து சமைக்க வேண்டியதுதான்.

பொழுது சாயும் நேரத்தில் மினோரு குடும்ப முத்திரை போட்ட கறுப்பு அங்கியை உடுத்திக்கொண்டு வயலுக்குப் போனான். மண்வெட்டியால் மண்ணைக் கொத்தி, குனிந்து கும்பிட்டு, சாமியை அழைத்தான். எங்கள் வயல் சாமிக்குக் கண் தெரியாது. நெற்கதிர் குத்திப் போன கண். அதனால் கூடவே நடந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வர வேண்டும்.

"இங்க வரப்பு ஒடுங்குது, மெதுவா வாங்க. இது வாசப்படி, காலைத் தூக்கி வைங்க" என்று ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பேசியபடி வந்தான். நெருப்போரம் உட்கார வைத்தான். குளியல் தொட்டிக்குக் கூட்டிப்போய், "சூடு போதுமா சாமி?" என்று கேட்டான்.

பிறகு விருந்து. உட்கார இரண்டு மெத்தை, இரண்டு தட்டு, சாமிக்கும் சாமியின் மனைவிக்கும். மினோரு எதிரே மண்டியிட்டு ஒவ்வொரு மூடியாகத் திறந்தான். "இது சிவப்புப் பயறு போட்ட சோறு. இது பாறை மீன், தலையும் வாலும் முழுசா இருக்கு. இது முள்ளங்கி, உங்க வயலுக்குப் பக்கத்துல வெளைஞ்சது. நெறைய சாப்பிடுங்க."

ஹிராய்வா மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷம் கேட்டதுதான். இன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தையும் விடாமல் முன்னால் குனிந்து கேட்டார்.

சாமி சாப்பிட்டு அரிசி மூட்டைமேல் படுக்கப் போனதும், படைத்த தட்டுகள் மனிதர்களுக்கு இறங்கின. முதல் கிண்ணம் விருந்தாளிக்கு. ஹிராய்வா முள்ளங்கியை வாயில் போட்டார்.

ஒன்றுமில்லை. நனைந்த பஞ்சு. திரும்ப மென்றார், நாக்கைப் புரட்டினார், கெஞ்சினார். ஒன்றுமில்லை. முடிந்தது கதை என்று மனசுக்குள் என்னவோ இடிந்து விழுந்தது. ஆனால் கினுயோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே! பழகிய கண் தானாக மூடியது.

"அடடா! என்னா இனிப்பு! பனி விழுந்தப்புறம் பிடுங்கினதுதானே? போன வருஷத்தைவிட ஒரு படி மேலம்மா" என்றார். குழம்பை அடிவரைக்கும் குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்க்காத குறையாக வைத்தார்.

மினோரு ஆசையாக ஒரு துண்டைக் கடித்தான். அடுத்த நிமிஷம் இருமி, துப்பி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடியே, கடலையே கொதிக்க வச்சிருக்கியா?"

கினுயோ நுனி நாக்கில் வைத்துப் பார்த்து அலறினாள். "மீன் உப்புச்சாறு ரெண்டு மடங்கால்ல இருக்கு! நான் ஊத்திட்டுத்தானே குளிக்கிற தண்ணிக்கு வெறகு வைக்கப் போனேன்?"

"நீ மறந்துட்டேன்னு நெனச்சு நானும் ஊத்தினேன்."

"உங்கள யாரு அடுப்படிக்குள்ள வரச் சொன்னது? ஐயோ, சாமி இதையா சாப்பிட்டுச்சு!"

சிரிக்கத்தான் போனார்கள் இரண்டு பேரும். அப்போதுதான் ஹிராய்வாவின் காலிக் கிண்ணம் கண்ணில் பட்டது.

"அண்ணன் மரியாதைக்குக் குடிச்சிருப்பாரு" என்றாள் கினுயோ, குரல் இறங்கி.

பிடித்துக்கொள்ள நல்ல கயிறுதான் அது. ஹிராய்வாவால் பிடிக்க முடியவில்லை.

"மரியாதையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. எனக்குத் தெரியல. போன குளிர்லயிருந்து எதுவுமே தெரியல. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. நாக்கில்லாத நான் எங்க போறது? வருஷம் பூரா ஊரை ஏமாத்திக்கிட்டுத் திரியறேன்." சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

மினோரு எழுந்து உள்ளே போனான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தார் ஹிராய்வா. அவன் கழற்றிப் போட்ட அங்கியைத் திரும்ப உடுத்திக்கொண்டு, புதுத் தட்டோடு வந்தான். சாமிக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரியே அவர் எதிரே மண்டியிட்டான்.

"ஏங்க, மனுஷனுக்கு இப்படிச் செய்யலாமா?" என்று கினுயோ பதறினாள்.

"சாமி அவ்வளவு உப்பையும் தின்னுட்டு வாயத் தெறக்காம தூங்குது. இதுக்கா கோவிச்சுக்கப் போவுது?" என்றவன், முதல் மூடியைத் திறந்தான். "அண்ணே, இது மீன். தோல் லேசாக் கருகியிருக்கு, அந்தக் கசப்புதான் முதல்ல வருது. உள்ள போகப் போக இனிப்பு."

"இனிப்பு இல்லங்க, கொழுப்பு. நல்லா நாக்குல ஒட்டுற கொழுப்பு" என்று அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவர்கள் சொல்லச் சொல்ல ஹிராய்வா ஒவ்வொன்றாக வாயில் வைத்தார்.

"முள்ளங்கி?" என்று கேட்டார்.

"அதை மட்டும் கேக்காதீங்க" என்றான். அழுகையோடு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"பிப்ரவரியில சாமிய வயலுக்குத் திருப்பி அனுப்பணும். அன்னிக்கும் சமையல் உண்டு. சொல்றதுக்கு நாங்க இருக்கோம், சாப்பிட நீங்க வாங்க" என்றாள் கினுயோ.

மினோரு கடைசி மூடியைத் திறந்தான்.

"இது சோறு. சோறு... சோறு மாதிரிதான் இருக்குண்ணே. இதுக்கு மேல சொல்லத் தெரியல எனக்கு."

ஹிராய்வா ஒரு வாய் எடுத்து வைத்து, கண்ணைத் திறந்துகொண்டே மென்றார். நாக்கு எதுவும் சொல்லவில்லை. சூடு மட்டும் தெரிந்தது.

"நல்லா இருக்கு" என்றார். அந்த வருஷம் பூராவும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்த அதே வார்த்தைதான். பொய்யில்லாமல் சொன்னது இந்த ஒரு தடவைதான்.