ஒலிபெருக்கியில் அண்ணனின் பெயர்

என் அண்ணன் உயிரோடு இருந்தவரை எந்த வேலைக்கும் நேரத்துக்குப் போனதில்லை. செத்த பிறகுதான் தினமும் காலை ஆறு மணிக்குச் சுரங்க வாசலில் நிற்க ஆரம்பித்தான். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

தப்பு அவனுடையது அல்ல. இந்த மலையின் ஆதிக்குடிகளான எங்களில் ஒருவர் இறந்தால், துக்கம் தீரும்வரை அந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டோம். சொன்னால் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அவனை வழியனுப்ப வீட்டுக்குப் புகை போட்டோம், அண்ணி ஐவியை வேறு வீட்டுக்கு மாற்றினோம். அண்ணன் பெயரிலேயே என்னிடம் ஒரு நாய் இருந்தது. அதற்கும் பெயரை மாற்றினேன். மூன்று நாள் முறைத்துவிட்டு அதுவும் புரிந்துகொண்டது.

கம்பெனிக்குத்தான் புரியவில்லை. எங்கள் மலையை வெட்டி இரும்பாகக் கப்பலேற்றுகிறவர்கள், அது எங்கள் முன்னோர் மண் என்று தினமும் மரியாதை செய்ய முடிவெடுத்தார்கள். காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில், இந்த நிலத்தின் ஆதிக்குடிகளையும் அவர்களின் பெரியவர்களையும் வணங்குகிறோம் என்று ஏழு பெயர்கள் வரும். நான்காவது, அண்ணன். வணங்கி முடித்ததும் மலைக்கு வெடி வைப்பார்கள்.

ஐவி அண்ணி அந்தச் சுரங்கத்தின் உணவுக்கூடத்தில் முட்டை பொரிக்கிறவள். முதல் வாரம் காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் வாரம் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். மூன்றாம் வாரம் அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"மெலிஞ்சிட்டாரு, கொழுந்தனாரே. போகவும் விடமாட்டேங்கிறாங்க, உள்ள வான்னும் சொல்லமாட்டேங்கிறாங்க. நான் கூடப் போயிட்டா அவரு போயிருவாருன்னு தோணுது."

"அவன் கூடவா? அவனுக்கு வழியே தெரியாதே அண்ணி."

அவள் சிரிக்கவில்லை. அதனால் மேலாளர் பிரெண்டனிடம் இரண்டு பேரும் போனோம். வேலைக்கு வந்து பதினோரு நாள் ஆன, தங்கமான பையன். ஒரு பெயரை எடுக்க வேண்டும் என்றோம். எது என்றான். சொல்லக் கூடாது என்றோம். சரி, நான் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன், தலையாட்டுங்கள் என்று உதவியாகச் சொல்லிவிட்டுப் படிக்கவும் தொடங்கினான். மூன்றாவது பெயரிலேயே அண்ணி எழுந்து வெளியே ஓடிவிட்டாள்.

பிரெண்டன் நகரத்து அலுவலகத்துக்குப் போன் போட்டான். பெயர்களைப் பதிவு செய்தது அவர்கள்தான். பண்பாட்டை மதிக்கும் விஷயம், ஆகவே குடும்பத்தில் ஒருவர் தன் வாயால் பெயரைச் சொன்னால்தான் நீக்குவார்களாம்.

ஜன்னல் வழியாக அண்ணியைப் பார்த்தேன். லாரி போகிற பாதையின் ஓரத்தில், வெயிலில், யாருடனோ பேசிக்கொண்டு நின்றாள். போனை வாங்கிப் பெயரைச் சொன்னேன்.

"ஐயா, லைன் சரியில்ல. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.

"கொஞ்சம் சத்தமா?"

கத்தினேன். வெளியே அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஆறு பெயர்கள்தான் வந்தன. வாசலில் யாரும் இல்லை. அண்ணி இரண்டு முட்டை சாப்பிட்டாளாம். அடுத்த வாரம் ரொட்டியும் சாப்பிட்டாளாம். எல்லாம் கேள்விப்பட்டதுதான், அவள் என்னோடு பேசுவதில்லை. தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். மற்றவர்களும் அப்படித்தான். பெயரைக் கத்தினவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

அண்ணன் உட்காருகிறான். கம்பெனி தினம் ஒரு முறைதான் கூப்பிட்டது, நான் ஒரே மூச்சில் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறேனே. என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியருகே, நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு. புகை போட்டு அனுப்ப ஆள் வேண்டும், கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. போடா, வேலை முடிஞ்சுது என்று நானே சொல்லிப் பார்த்தேன். என்னைத்தான் பார்க்கிறான், நானும் கிளம்பட்டும் என்று காத்திருப்பவன்போல.