முப்பத்துநாலாவது கோல்

மச்சினன் மதுரைவீரன் கருவாட்டுக் குழம்பில் கை வைத்த நேரம் பார்த்துத்தான் அங்கமுத்து அவனைச் சீண்ட ஆரம்பித்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். அங்கமுத்து சிமெண்ட் ஆலை டீமின் சென்டர் ஃபார்வேர்ட். எதிரே ஆடப்போகும் கீழப்பழுவூர் டீமுக்குக் கோல்கீப்பர், இதோ வட்டிலுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டியின் தம்பி. காலையில் பஸ் பிடித்து அரியலூர் வந்திருக்கலாம். அக்கா கையால் ஒருவேளை சாப்பிடுவோமே என்று முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டான். வந்த இடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். போன மாசம் கீழப்பழுவூரில் ஆடியபோது அவன் காலுக்கிடையில் உருண்டு போன பந்தைக் கோழிக்குஞ்சுகூட மறித்திருக்கும் என்றான் அங்கமுத்து. அடுத்து எழுந்து நின்று, அந்தப் பந்து எப்படிப் போனது, மதுரைவீரன் எப்படிக் காலை அகட்டி வானத்தைப் பார்த்தான் என்று நடித்தும் காட்டினான்.

"நாளைக்கு எந்தப் பக்கம் அடிக்கப் போறேன்னு சொல்லிட்டே அடிக்கிறேன் மாப்ள. அப்பவும் ஒன்னால புடிக்க முடியாது."

மதுரைவீரன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தான். அகப்பையும் கையுமாக நின்றிருந்த அக்கா மலர்க்கொடியின் முகம்தான் மாறிக்கொண்டு வந்தது. அங்கமுத்து அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. கொஞ்ச நாளாகவே அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. ஆலைக்குப் புதிதாக வந்திருந்த மானேஜர் கல்கத்தாவில் வளர்ந்தவர், கால்பந்துப் பைத்தியம். எழுபத்தேழில் பீலே தன்னுடைய அமெரிக்க டீமோடு கல்கத்தாவுக்கு வந்து ஆடியதைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்த மனிதர். அதிலிருந்து அமெரிக்காவில் நடக்கிற ஆட்டமெல்லாம் அவருக்கு வேண்டும். எங்கிருந்தோ பத்திரிகைகள் வரவழைத்துப் படிப்பார். படித்ததை டைப்பிஸ்ட் காசிநாதனிடம் சொல்வார், காசிநாதன் டீமுக்குச் சொல்வார். அப்படித்தான் பீலேயின் அந்த நியூயார்க் டீமில் ஆடுகிற இத்தாலிக்காரர் ஒருவர், சினாலியா என்று பெயர், போன சீசனில் மட்டும் முப்பத்துநாலு கோல் போட்ட சேதி அரியலூருக்கு வந்து சேர்ந்தது. அந்த நாட்டு லீக்கில் அதுவரை யாரும் ஒரே சீசனில் அவ்வளவு போட்டதில்லையாம். கேட்டுவிட்டுப் போயிருந்தால் ஒன்றுமில்லை. சீசன் தொடங்கிய அன்று மானேஜர் மைதானத்துக்கு வந்து, நம் டீமில் எவன் முப்பத்துநாலு போடுகிறானோ அவனை நானே முன்னின்று நிரந்தரமாக்குகிறேன் என்று சொல்லிவிட்டார். டீமில் ஒருவன் பாக்கியில்லாமல் சிரித்தான். அங்கமுத்துவும் சிரித்தான். முந்தின வருஷம் அவன் போட்டது ஏழு.

சிரித்துவிட்டு வந்து மலர்க்கொடியிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவன் ஆலையில் கல் உடைக்கிற கிரஷரில் தற்காலிகக் கூலி. என்றைக்கு வேலை உண்டு, என்றைக்கு இல்லை என்பது காலையில் ஆலை கேட்டுக்குப் போனால்தான் தெரியும். அவள் சுரங்கத்தில் கல் பொறுக்கினாள். அவர்கள் தெருவிலிருந்து இதுவரை ஒருவர்கூட ஆலையில் நிரந்தரமாகப் போனதில்லை. நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், அங்கே வீட்டுக்குள்ளேயே குழாய். அந்தக் குழாயை நினைத்தபடி அவள் பல நாள் தூங்கியிருக்கிறாள்.

பிறகு மழையாகக் கொட்டியது. வேப்பந்தட்டையில் ஒன்று, பெரம்பலூரில் இரண்டு, கல்லங்குறிச்சியில் ஒன்று என்று, போகிற ஊரிலெல்லாம் அங்கமுத்துவுக்குக் கோல் விழுந்தது. இதில் ஒரு விசேஷம், ஆலை டீம் பாதி ஆட்டத்தில் தோற்றது. நாலுக்கு ஒன்று என்று தோற்கும், அந்த ஒன்று அங்கமுத்து போட்டதாக இருக்கும். வேப்பந்தட்டையில் இவன் பந்தோடு ஓடிவரும்போது எதிரே மறிக்க வேண்டிய பேக் முள் குத்திவிட்டது என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டான். முள்ளுக்கு நேரம் பார்த்துக் குத்தத் தெரிந்திருக்கிறதே என்று அன்றைக்கு அங்கமுத்து சந்தோஷப்பட்டான். நடையே மாறிவிட்டது. டீக்கடையில் காசிநாதன் அவனை 'நம்ம அமெரிக்காக்காரன்' என்று கூப்பிட்டால், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்த்தான். திருச்சிக்குப் போய் ஜில்லா டீமுக்கே ஆடலாம் என்று ஒரு எண்ணம் வேறு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்துமூன்று ஆகியிருந்தது. இன்னும் ஒன்றுதான்.

"புடிக்கத் தெரியாதவன் பந்து வழுக்குதுன்னானாம்," என்று அங்கமுத்து மறுபடி தொடங்கியபோது மலர்க்கொடி அகப்பையைச் சட்டியில் போட்டாள்.

"எந்தம்பிக்கு நல்லாவே புடிக்கத் தெரியும். ஒங்களுக்காகத்தான் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். அவன் மட்டுமா, அத்தன ஊருலயும் அப்புடித்தான் நின்னாங்க."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். மதுரைவீரன் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனான். அங்கமுத்து அவன் பின்னாலேயே போனான். அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றியவன், நிஜமா என்று ஒரு வார்த்தைதான் கேட்டான்.

மதுரைவீரன் பொய் சொல்லத் தெரியாதவன். கல்லங்குறிச்சித் தேரன்றைக்கு, எப்படியாவது அந்த முப்பத்துநாலு விழ வேண்டும் என்று அக்கா வந்து அழுததைச் சொன்னான். அங்கிருந்து தான் வேப்பந்தட்டைக்குப் போனதையும், வேப்பந்தட்டைக்காரர்கள் பெரம்பலூருக்குச் சொல்லி அனுப்பியதையும் சொன்னான். எல்லாம் பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர். டீமுக்கு நாலு பேராவது உறவு இருந்தார்கள். ஆட்டத்தை விட்டுக்கொடுக்க முடியாது, அது ஊர் மானம். ஆனால் ஆட்டத்துக்கு ஒரு கோலாவது விடலாம் என்று பேசிக்கொண்டார்களாம்.

"மொய் மாதிரி வச்சிக்க மாமா. ஊருக்கு ஊரு வச்சிருக்கோம். நீ உள்ளார போயிட்டின்னா எங்களையும் ஒவ்வொருத்தனா இழுத்துவுடுவல்ல. அதான் நீ திருப்பிச் செய்யுற மொய்."

 அங்கமுத்து முப்பத்துமூன்றையும் ஒவ்வொன்றாக மனதுக்குள் எடுத்துப் பார்த்தான். பெரம்பலூரில் தலையால் முட்டியது தன்னுடையதுதானே? அப்போது அந்த நெட்டைப் பையன் ஏன் குதிக்கவில்லை? மழையில் சறுக்கிக்கொண்டே போட்டது? அந்தக் கோல்கீப்பர் மலர்க்கொடிக்குச் சித்தப்பா மகன் ஆயிற்றே. ஏழெட்டு நிஜமாக இருக்கும், அதற்குமேல் இருக்காது. எந்த ஏழெட்டு என்றுதான் பிரிக்க முடியவில்லை. ஊரே சேர்ந்து தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. தானே பறப்பதாக நினைத்து அவன் கையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நாளைக்குப் புடி," என்றான்.

"புடிச்சிட்டா?"

"போனா போவுது."

"ஒனக்குப் போவுது மாமா. எங்களுக்கு?"

 அங்கமுத்து செம்பை அண்டாவின்மேல் வைத்தான். உள்ளே மலர்க்கொடி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஒன்னே ஒன்னாவது என்னுதா இருக்கட்டும்டா," என்றான் கடைசியில். மதுரைவீரன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தான்.  பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

ஆலைக்குப் பக்கத்து மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் கூட்டம். பழம் நழுவிப் பாலில் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வேப்பந்தட்டையிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். முள் குத்தியவனும் வந்திருந்தான். தப்பு மேளமும் மாலையும் தயாராக இருந்தன. மானேஜர் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கீழப்பழுவூர் பேக்குகள் பேசி வைத்தபடி வழிவிட்டார்கள். முதல் பந்தை அங்கமுத்து இடது மூலைக்கு அடித்தான். மதுரைவீரன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அதைத் தட்டிவிட்டான்.  இரண்டாவதை நெஞ்சில் வாங்கிக்கொண்டான். மூன்றாவதற்கு அங்கமுத்துவின் காலடியிலேயே வந்து விழுந்து பந்தைக் கட்டிக்கொண்டான். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. யாருக்குடா புடிக்கிற என்று கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். சொந்தத் தாய்மாமனே மண்ணை வாரி அவன் பக்கம் இறைத்தார். மலர்க்கொடி தம்பிக்குப் பதறுவதா புருஷனுக்குப் பதறுவதா என்று தெரியாமல் இரண்டு கையாலும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். மானேஜர் மட்டும் எழுந்து நின்று கைதட்டி, அந்தக் கோல்கீப்பர் யார் என்று காசிநாதனிடம் விசாரித்தார்.

அங்கமுத்துவுக்குப் பயமாக இருந்தது. குழாய் போயிற்று, வேலை போயிற்று, தெருவே தன்னைக் காறித் துப்பப்போகிறது. ஆனாலும் அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக எதிரே ஒருவன் நிற்கிறான் என்பது எங்கேயோ நன்றாகவும் இருந்தது. அதுவரை ஓடாத ஓட்டமெல்லாம் ஓடினான்.

முடிய ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கும்போது ஆலை டீமின் சாமிதுரை ஓரத்திலிருந்து உயரமாக ஒரு பந்தை அனுப்பினான். அங்கமுத்து அது தரையைத் தொடவிடவில்லை. எந்தப் பக்கம் அடிப்பது என்று யோசிக்கவும் இல்லை. கால் தானாக எழுந்தது. மதுரைவீரன் கையை நீட்டிக்கொண்டு எகிறினான். விரல் பட்டதா, படாமலே போனதா, பட வேண்டிய நேரத்தில் கையை இழுத்துக்கொண்டானா, எதுவும் தெரியாத வேகத்தில் பந்து மேல்கட்டைக்கு அடியில் புகுந்தது.

தப்பு வெடித்தது. யார் யாரோ வந்து அங்கமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மாலை கழுத்தில் விழுந்தது. மானேஜர் குடையை மடக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். அங்கமுத்து அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தலைகளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டிக் கோல் கம்பத்தைப் பார்த்தான். மலர்க்கொடி புருஷனிடம் வராமல் அங்கே ஓடியிருந்தாள். மண்ணில் உட்கார்ந்திருந்த தம்பியின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறக்கி வுடுங்கடா, அவன் வெரல நான் பாக்கணும்," என்று அங்கமுத்து கத்தினான். தப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தூக்கியவர்கள் அவனை இன்னும் உயரமாகத் தூக்கினார்கள். மதுரைவீரன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். அக்காவின் மடியிலிருந்து கையை உருவி, தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.