காஃப்னி சொன்ன ஒரு வார்த்தை

என் கணவர் மலாக்கி படித்துத் தேறித்தான் தபால்காரர் ஆனார். எங்கள் தெருவில் இதை நம்பிய ஒரே ஆள் நான். கொஞ்ச நாளில் மலாக்கிக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் ஆத்திரமெல்லாம் அதனால்தான்.

எங்கள் வார்டில் பின்டன் காஃப்னிக்குத் தெரியாமல் ஒரு காரியமும் நடக்காது. சாராயக்கடை வைத்திருந்தார், கட்சியும் அவர் கையில்தான். சாவு விழுந்த வீட்டுக்குப் பாதிரியாருக்கு முன்னால் வந்து நிற்பார். எங்கள் பழைய கட்டடம் தீப்பிடித்து எரிந்தபோது அன்றைக்கே வேறு இடம் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் அண்ணன் டெர்மட்டுக்குத் தெருக்கூட்டும் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அடுத்த தேர்தலில் காஃப்னியின் ஆட்கள் தோற்றார்கள், அண்ணனின் துடைப்பத்தை வேறொருவன் பிடுங்கிக்கொண்டான். பிழைப்புத் தேடி மேற்கே போன அண்ணனிடமிருந்து இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ளும் வேலை என் வீட்டுக்கு வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வாஷிங்டனில் புதுச் சட்டம் போட்டார்கள். வேலை கிடைக்காத கோபத்தில் ஒரு கிறுக்கன் ஜனாதிபதியையே சுட்ட பிறகுதான் பெரிய மனிதர்களுக்குப் புத்தி வந்தது. தபால் இலாகா வேலைக்கு இனிமேல் பரீட்சை. மலாக்கி பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தார். மாநிலங்களையும் ஆறுகளையும் அவர் ஒப்பிக்க, நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்பேன். ஒரு தப்புக்கு ஒரு கிழங்கு அவர் தட்டில் குறையும். முதல் வாரம் மனிதர் பாதி வயிற்றோடுதான் படுத்தார்.

பரீட்சையில் அவர்தான் முதல். வேலைக்கான உத்தரவும் வந்தது. அன்று சாயங்காலமே காஃப்னி ஒரு முழுப் பன்றித்தொடையைத் தூக்கிக்கொண்டு, பாதித் தெருவைப் பின்னால் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன தம்பி, சந்தோஷந்தானே? மேல ஒரு வார்த்தை சொன்னேன், முடிச்சுக் குடுத்துட்டாங்க!"

"அவரு படிச்சு எழுதினாருண்ணே," என்றேன்.

"எழுதட்டும் தங்கச்சி, யாரு வேணாம்னா? முதல்ல வர்ற நாலு பேருல ஒருத்தர எடுத்துக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. அந்த நாலுல இவன எடுக்கச் சொன்னது யாரு?"

கூட்டம் கைதட்டியது. நாலில் ஒருவர் என்பது உண்மைதான்.

"ஒருவேளை சொல்லியிருப்பாரோ, ஹொனோரா?" என்று கூட்டம் போனதும் மலாக்கி என்னையே கேட்டார்.

"சொல்லியிருப்பாரு! மிசௌரி ஆறு எங்க போய் விழுதுன்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததும் அவருதானா?"

தேர்தல் வந்தது. காஃப்னியின் தீப்பந்த ஊர்வலத்துக்கு ஆள் கூப்பிட்டார்கள். தபால் ஊழியரைக் கட்சி வேலைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. போகக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன், அவரும் போகவில்லை. அதோடு தெரு எங்களை ஒதுக்கிவிட்டது. கீழ்வீட்டு டீலியா என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "சோறு போட்ட கையக் கடிக்கிற ஜென்மங்க." மலாக்கி கடிதம் கொடுக்கப் போனால் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். சீருடை போட்ட மனிதர் கூனிக் குறுகி நடந்ததைப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது.

வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்பக்கப் படிக்கட்டில் காலடிச் சத்தம். காஃப்னி தனியாக வந்திருந்தார். தொப்பி கையில் இருந்தது. மலாக்கி முன்வாசல் படியில் புகைக்குழாய் புகைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, எங்கக்கா மகன் அந்தப் பரீட்சையில ரெண்டு தடவ தோத்துட்டான். மலாக்கி கொஞ்சம் கணக்குச் சொல்லிக் குடுத்தா..."

"எதுக்குண்ணே கணக்கு? மேல ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதே!"

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போனேன்மா. வெளிய பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க. அங்க இப்ப என்னை யாருக்கும் தெரியல."

"அப்ப இவருக்கு யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. அப்பவும் அங்க என்னை யாருக்கும் தெரியாது."

எனக்குக் கொதித்தது. இந்த ஒரு பொய்க்காகவா என் வீட்டுக்காரர் ஒரு குளிர்காலம் முழுக்கத் தலைகுனிந்து நடந்தார்? ஆனால் தீப்பிடித்த அன்று எங்கள் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவந்தவரும் இதே மனிதர்தான். திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"கண்டிப்பாச் சொல்லிக் குடுப்பாரு. ஆனா பின்வாசல்ல கேட்டா எனக்குக் காது கேக்காது. முன்வாசல்ல வந்து கேளுங்க."

காஃப்னி வீட்டுக்குள் புகுந்து, முன்பக்கப் படியில் இறங்கினார். நான் மாடி ஜன்னலுக்கு ஓடினேன். ஞாயிறு மதியம் தெருவே அங்கேதான் இருக்கும். டீலியா மடியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"மலாக்கி தம்பி, எங்கக்கா மகன் பரீட்சையில தேறணும். என்னால ஒண்ணும் ஆகல. நீதான் சொல்லிக் குடுக்கணும்."

டீலியாவின் கை நின்றது. மலாக்கி எழுந்தார்.

"அப்ப எனக்காக நீங்க ஒண்ணும் சொல்லலியாண்ணே?"

"இல்லடா. நீயாத்தான் தேறின."

மலாக்கி மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த வேலை உத்தரவு அப்போதுதான் கைக்கு வந்ததுபோல இருந்தது அவர் முகம்.

"வரச் சொல்லுங்க. ஆனா சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்கண்ணே. எங்க வீட்டுல தப்பாச் சொன்னா உருளைக்கிழங்கு கிடையாது."